ஓடும் வீடு! வெள்ளி மாலை நின்றுவிடும்!

வீடு என்றால் அஸ்திவாரம் வேண்டும். சுவர் வேண்டும். வாசலில் ஒரு தெருப் பெயர் வேண்டும். அமெரிக்காவில் சில வீடுகளுக்கு இவை எதுவும் கிடையாது. அஸ்திவாரத்துக்குப் பதில் சக்கரம் இருக்கிறது!

இன்று ஓர் ஊர். அடுத்த வாரம் வேறு ஊர். கோடையில் வடக்கே மலைப் பக்கம். குளிர் காலத்தில் தெற்கே பாலைவனம். இப்படி ஆண்டு முழுவதும் வண்டியிலேயே குடியிருப்பவர்கள் அங்கே ஏராளமான பேர்.

அவர்களில் யூதத் தம்பதிகளும் உண்டு. மற்றவர்களைவிட இவர்கள் பாடு சற்றுக் கடினமானது.

ஏன் தெரியுமா? வாரத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது யூத மதம். பாலும் இறைச்சியும் ஒன்றாகச் சேரக்கூடாது என்கிறது. சில பிரார்த்தனைகளுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும் என்கிறது. ஆள் இல்லாத காட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது?

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

இந்த வண்டிக்கு அமெரிக்கர்கள் வைத்துள்ள பெயர் 'ஆர்.வி.' பஸ் போன்ற பெரிய வண்டியும் உண்டு. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டியும் உண்டு. பெரிய வண்டியின் நீளம் 45 அடி வரை இருக்கும். அகலம் எட்டரை அடிதான்.

அதற்குள் படுக்கை, அடுப்பு, குளிர்ப் பெட்டி, குளியல் அறை, கக்கூஸ் எல்லாம் அடக்கம். பொத்தானை அழுத்தினால் பக்கத்துச் சுவர் வெளியே நகரும். அறை பெரிதாகிவிடும். புறப்படும்போது மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் குளித்த தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும். மூன்றாவதில் கக்கூஸ் கழிவு. இந்தத் தொட்டிகளைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய், குழாய் மாட்டித்தான் காலி செய்ய வேண்டும். வாரா வாரம் இந்த வேலை உண்டு. உல்லாசப் பயணம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான்!

இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்.வி. வண்டிகளில் பெரும் பகுதி அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது.

ஏன் கிளம்புகிறார்கள்?

பிள்ளைகள் வளர்ந்து திசைக்கு ஒருவராகப் போய்விடுகிறார்கள். பெரிய வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சுகிறார்கள். வீட்டு வரி கட்ட வேண்டும். கூரை ஒழுகினால் பழுது பார்க்க வேண்டும். "வீட்டை விற்றுவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது. வீடு விற்ற பணத்தில் வண்டி வாங்குகிறார்கள். பேரன் பேத்திகள் இருக்கும் ஊர்களுக்கு எல்லாம் வீட்டோடு போகிறார்கள்.

எல்லோரும் ஆசையால் கிளம்பியவர்கள் அல்லர். 2008-ம் ஆண்டின் பணமுடையில் அமெரிக்காவில் பலர் வீட்டை இழந்தார்கள். அவர்களில் சிலருக்கு வண்டியே கடைசிப் புகலிடம் ஆயிற்று. அப்படிப்பட்டவர்களைப் பற்றி 'நோமாட்லேண்ட்' என்ற படம் 2020-ல் வந்தது. 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசும் பெற்றது.

முகவரி எங்கே?

ஓடும் வீட்டுக்குக் கடிதம் எப்படி வரும்? வண்டிக்காரர்கள் ஒரு மாநிலத்தில் முகவரி மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றும் இதற்குப் பேர் பெற்றவை. இந்த மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது.

டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கம் இருக்கிறது. 1978-ல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதிகள் தொடங்கியது. அங்கத்தினர்களுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்து, அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று.

தெற்கு டகோட்டா விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவிலேயே யூதர்கள் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் அதுவும் ஒன்று. காகிதத்தில் அந்த மாநிலத்துக்காரர். ஆனால் அங்கே ஜெப ஆலயம் தேடினால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்!

பழைய வண்டிக்காரர்கள்

யூதர்களுக்கு வண்டி வாழ்க்கை புதிதல்ல. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து ஏராளமான யூதர்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தார்கள். முதலில் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் குதிரை வண்டி வாங்கினார்கள். துணி, ஊசி, நூல், பாத்திரம் எல்லாம் அந்த வண்டியில் ஏறின.

லாசரஸ் ஸ்ட்ராஸ் என்பவர் 1852-ல் வந்தார். ஜார்ஜியா மாநிலத்தில் வண்டியில் சரக்கு விற்றார். அவருடைய பிள்ளைகள் பின்னாளில் நியூயார்க்கில் உள்ள 'மேசிஸ்' என்ற மாபெரும் கடைக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்!

அந்தக் காலத்து வியாபாரிகளுக்கும் இதே கவலைதான். சனிக்கிழமை எங்கே தங்குவது? என்ன சாப்பிடுவது? சேர்ந்து தொழ ஆள் கிடைக்குமா? வண்டி மாறியது. கவலை மாறவில்லை.

ஒரு முழ அடுப்படி, இரண்டு சமையல்!

யூதர்களின் உணவுச் சட்டத்துக்குக் 'கோஷர்' என்று பெயர். பன்றி இறைச்சி கூடாது. செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும்தான் உண்ணலாம். ஆடு, மாடு, கோழியை முறைப்படி அறுத்திருக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் கலக்கக்கூடாது. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் பண்டம் தொடச் சிலர் 3 மணி நேரம் காத்திருப்பார்கள். சிலர் 6 மணி நேரம்.

ஆகவே பாத்திரங்களும் இரண்டு வகை. பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று. பெரிய வீட்டில் இது சாத்தியம். வண்டியில் அலமாரியே இரண்டுதான். எடை கூடினால் டயருக்கு ஆபத்து. அதனால் பல குடும்பங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. வண்டிக்குள் இறைச்சியே சமைப்பதில்லை! பாலும், மீனும், காய்கறியும் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இறைச்சி வேண்டும் என்றால் வெளியே மரத்தடியில் தனி அடுப்பு; காகிதத் தட்டு.

பழைய வண்டி வாங்கினால் இன்னொரு வேலை. முன்பு இருந்தவர் அந்த அடுப்பில் என்ன சமைத்தாரோ! நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். 24 மணி நேரம் உபயோகிக்காமல் விட வேண்டும். பிறகு மிகுந்த சூட்டில் காய்ச்சிச் சுத்தம் செய்ய வேண்டும்.

சிற்றூர்க் கடைகளில் கோஷர் இறைச்சி கிடைப்பது அபூர்வம். பெரிய நகரம் வரும்போது வாங்கி உறைய வைத்துக்கொள்கிறார்கள். மற்றப் பண்டங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. டப்பாவின் மேல் சிறு முத்திரை இருக்கும். 'ஓ' என்ற ஆங்கில எழுத்துக்குள் 'யூ' எழுத்து. அதைப் பார்த்தால் கவலை இல்லாமல் வாங்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை

யூதர்களின் ஓய்வு நாள் 'ஷபாத்'. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும். சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும்போது முடியும். அதுவரை நெருப்பு மூட்டக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது. ஆசாரமானவர்கள் மின்சார விளக்கின் பொத்தானைக்கூடத் தொட மாட்டார்கள்.

எனவே வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வண்டி நின்றாக வேண்டும். வழியில் டயர் வெடித்தால் ஆபத்து! வியாழக்கிழமையே போய்ச் சேருவது புத்திசாலித்தனம்.

அதற்குப் பிறகு வீடு முழுவதையும் தயார் செய்ய வேண்டும். குளிர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். அந்தப் பல்பைக் கழற்றி வைக்க வேண்டும். கதவைத் திறந்தால் படி தானாக நீளும். அந்த விசையை நிறுத்த வேண்டும். குழாயைத் திறந்தால் மின்சாரப் பம்பு ஓடும். ஆகவே முகாமின் தண்ணீர்க் குழாயோடு வண்டியை இணைத்துவிட வேண்டும். அப்போது பம்பு இல்லாமலே தண்ணீர் வரும். வாசலில் விரிக்கும் துணிக் கூரையையும் முன்கூட்டியே விரித்துவிட வேண்டும்.

சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மனைவி மெழுகுவர்த்தி ஏற்றுவாள். சிறிய வண்டியில் தீ என்றால் பயம். அதனால் இரும்புத் தொட்டிக்குள் வைத்து ஏற்றுகிறவர்கள் உண்டு. மேஜை மேல் இரண்டு ரொட்டி. ஒரு கிண்ணம் திராட்சை மது. கணவர் மதுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஆசி சொல்லுவார். வெளியே பாலைவனமோ, காடோ! உள்ளே ஷபாத் வந்துவிட்டது.

அலாஸ்காவுக்குப் போனால் வேறு சங்கடம். ஜூன் மாதத்தில் ஆங்கரேஜ் நகரில் சூரியன் மறைய இரவு பதினொன்றரை மணிக்கு மேல் ஆகும். விளக்கேற்றும் வரை விழித்திருப்பதே பெரும்பாடு!

எல்லா யூதர்களும் இவ்வளவு கண்டிப்பு அல்லர். 'கன்சர்வேடிவ்' பிரிவின் குருமார்கள் 1950-லேயே ஜெப ஆலயம் போவதற்கு மட்டும் ஷபாத் அன்று கார் ஓட்டலாம் என்று சொன்னார்கள். 'ரிபார்ம்' பிரிவினருக்கு அந்தத் தடையே இல்லை. ஆனால் ஆலயம் போக வீட்டையே ஓட்டிக்கொண்டு போக முடியுமா? அதற்காகவே பலர் வண்டியின் பின்னால் ஒரு சிறு காரையும் கட்டி இழுத்துச் செல்கிறார்கள்.

பத்துப் பேர் வேண்டும்!

சமையலைச் சமாளிக்கலாம். ஓய்வு நாளைச் சமாளிக்கலாம். தனிமையை என்ன செய்வது?

தாய் தந்தை இறந்த நாளை யூதர்கள் ஆண்டுதோறும் அனுசரிக்கிறார்கள். நம் திதியைப் போலவே அதுவும் சந்திரனை ஒட்டிய மாதக் கணக்கு. முதல் நாள் மாலை ஒரு விளக்கு ஏற்றுவார்கள். அது 24 மணி நேரம் எரியும். 'காடிஷ்' என்ற பிரார்த்தனையும் சொல்ல வேண்டும். மரணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. முழுவதும் இறைவனின் புகழ்தான்.

ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு 'மினியான்' என்று பெயர். ஆசாரப் பிரிவினர் பத்து ஆண்கள் வேண்டும் என்பார்கள். மற்றப் பிரிவுகளில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்ற சிற்றூர் இருக்கிறது. குளிர் காலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் அங்கே வந்து நிற்கும். அவற்றில் பத்து யூதர்களைத் தேடுவது சுலபமா? பீனிக்ஸ் நகரத்துக்குப் போகலாம். அது சுமார் 200 கிலோ மீட்டர். பெரிய வண்டி ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று அல்லது நான்கு கிலோ மீட்டர்தான் ஓடும். போவதற்கு மட்டும் அறுபது லிட்டர் ஆகலாம்!

இருந்தும் போகிறார்கள். தாய்க்காகப் போகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நாள்காட்டியைப் பிரித்து, அந்தத் தேதியில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று முதலில் குறித்துவிடுகிறார்கள். மற்றப் பயணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சில சிற்றூர் ஆலயங்களில் கதை தலைகீழ். இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். அங்கே வண்டியில் வந்து இறங்கும் கணவனும் மனைவியும் ஒன்பதாவது, பத்தாவது ஆள்! அந்த ஊரார்க்கு அவர்கள் விருந்தாளிகள் அல்லர். வாராது வந்த துணை.

பூட்டிய கதவு

முன்பெல்லாம் ஆலயக் கதவு திறந்தே இருக்கும். அந்நியர் வந்தாலும், "வாருங்கள், உட்காருங்கள்" என்பார்கள். 2018 அக்டோபர் 27-ல் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் ஆலயத்தில் ஒருவன் புகுந்து சுட்டான். 11 பேர் மாண்டார்கள். 2022 ஜனவரி 15-ல் டெக்சாஸில் கோலிவில் என்ற ஊரில் ஓர் அந்நியன் வந்தான். குருவே அவனுக்குத் தேநீர் கொடுத்தார். அவனோ துப்பாக்கியை எடுத்து, குரு உள்பட நான்கு பேரைப் பிடித்து வைத்தான். நல்ல வேளையாக நால்வரும் உயிர் தப்பினார்கள்.

இப்போது பல ஆலயங்களில் கதவு பூட்டியிருக்கிறது. வாசலில் காவலர் நிற்கிறார். ஊர் தெரியாத பெரிய வண்டி ஒன்று வந்து நின்றால் சந்தேகம் வராதா? ஆகவே முன்கூட்டியே டெலிபோன் செய்கிறார்கள். யார், எந்த ஊர், எந்த ஆலயத்தைச் சேர்ந்தவர் என்று கேள்வி வருகிறது. பழைய ஊர்க் குருவின் பெயரைச் சொல்கிறார்கள். அதன் பிறகு கதவு திறக்கிறது. கேள்வி கேட்டார்களே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காரணம் அவர்களுக்கும் தெரியும்.

பண்டிகை வந்தால்...

பாஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டில் புளித்த மாவுப் பண்டம் ஒரு துணுக்குக்கூட இருக்கக்கூடாது. பெரிய வீட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் சுத்தம் செய்வார்கள். வண்டிக்காரர்களுக்கு ஒரு நாள் போதும்! இந்த ஒரு விஷயத்தில் அவர்களே பாக்கியசாலிகள்.

கூடாரப் பண்டிகையில்தான் வேடிக்கை. எகிப்தை விட்டு வந்த முன்னோர் 40 ஆண்டு பாலைவனத்தில் அலைந்ததை நினைத்து, ஏழு நாள் குடிசையில் உண்ண வேண்டும். குடிசையின் கூரை தழையாகவோ மூங்கிலாகவோ இருக்க வேண்டும். வண்டியின் கூரை உதவாது. ஆண்டு முழுவதும் அலைகிறவர்களும் வண்டியை விட்டு இறங்கி, பக்கத்தில் குடிசை கட்டித்தான் உட்கார வேண்டும்!

யூத வீட்டு நிலையில் 'மெசூசா' என்ற சிறு குழல் இருக்கும். அதற்குள் வேத வசனம் எழுதிய தோல் சுருள். ஓடும் வண்டிக்கு அது வேண்டுமா? குருமார்களிடையே இரண்டு கருத்து உண்டு. வண்டிக்காரர்களில் பலர் வாதாடுவதில்லை. நிலையில் பதித்துவிடுகிறார்கள். அந்தக் குழல் ஏறியதும் வண்டி அவர்களுக்கு வீடாகிவிடுகிறது.

சக்கரம் நிற்கும் நாள்

ஒரு நாள் கண் மங்கும். கை நடுங்கும். பெரிய வண்டியை ஓட்ட முடியாது. அப்போது என்ன செய்வது? லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் சங்கத்தார் இதற்கும் வழி யோசித்தார்கள். வயதானவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருக்கலாம். சாப்பாடும் பராமரிப்பும் கிடைக்கும். அப்படி ஒரு நிலையம் அமைத்தார்கள்.

யூதத் தம்பதிகள் வேறொன்றும் பார்க்கிறார்கள். கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து ஆலயத்துக்கு நடந்து போக முடியுமா? பத்துப் பேர் கூடுவார்களா? இருவரில் ஒருவர் முந்திக்கொண்டால், மற்றவர் பக்கத்தில் வந்து உட்கார யாராவது இருப்பார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும் ஊரைத் தேடித்தான் பலர் கடைசியில் வண்டியைத் திருப்புகிறார்கள்.