பெரிய டயர் எதற்கு? காற்றைக் குறைப்பதற்கு!

ஐஸ்லாந்தின் இரண்டாவது பெரிய பனியாறு லாங்யோகுல். சரளைப் பாதை முடிந்து வெண்பனி தொடங்கும் அதன் அடிவாரத்தில் வண்டிகள் எல்லாமே ஒருமுறை நின்றுதான் மேலே போகும். பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ், லேண்ட் குரூஸர், நிசான் பேட்ரோல். ஒவ்வொன்றிலும் 38 அங்குலம், 44 அங்குலம் என்று வளர்ந்த ஆளின் இடுப்பைத் தொடுகிற டயர்கள். ஓட்டுகிறவர்கள் கீழே இறங்கி வால்வைத் திறந்து காற்றை வெளியே விடுவார்கள். சரளையில் 20 பி.எஸ்.ஐ. இருந்த காற்று 10 ஆகும், 6 ஆகும். பனி இளகிக் கிடந்தால் 3 வரைக்கும்கூட இறங்கும். டயர் பிதுங்கி, பஞ்சரானதுபோலத் தெரியும். அந்தக் கோலத்தில் ஒரு வண்டி நம் ஊர்ப் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்தால் நாலு பேர் ஓடிவந்து நிறுத்துவார்கள். அங்கே அந்தக் கோலத்தில்தான் வண்டி பனியேறும்.

இந்தியச் சாலைகளில் இப்போது பெரிய டயர் மோகம் பெருகியிருக்கிறது. ஜீப்பும் பிக்கப்பும் வாங்கியவுடனே கடைக்குப் போய், ரிம்மையும் டயரையும் மாற்றி, முறுக்கேறக் காற்றடித்துக்கொண்டு வருகிறார்கள். பெரிய டயரின் பயனே காற்றைக் குறைக்க முடிவதில்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். இவ்வளவு பணம் போட்டு வாங்கிய டயரின் பாதிக் குணத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்களே என்ற வருத்தத்தில்தான் ஐஸ்லாந்துக்காரர்களின் அனுபவத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளிது. 2,400 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. 30 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. அந்த 600 கிலோவைத் தாங்க, டயர் தரையில் ஏறக்குறைய 285 சதுர சென்டிமீட்டர் பதிந்தால் போதும். அதாவது ஏ4 தாளில் பாதிகூட இல்லை. காற்றை 3-க்கு இறக்கினால் அதே பாரத்துக்குப் பத்து மடங்கு இடம் வேண்டும். நாலரை ஏ4 தாள் அளவு. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரத்தை ஏற்றுக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே பதியும். ஆனாலும் தரை உணர்கிற அழுத்தம் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே அமையும். 70 கிலோ மனிதர் ஒருவர் நடக்கும்போது ஒற்றைக் காலில் பதிக்கிற அழுத்தம் சுமார் 5 பி.எஸ்.ஐ. எனவேதான் நடந்து போகிறவர் முழங்கால்வரை புதைகிற பனியில், இரண்டரை டன் வண்டி மேலாகவே போய்விடுகிறது.

சாதாரண டயரில் இதைச் செய்ய முடியாதா? ஓரளவுக்கு முடியும். ஆனால் காற்றைக் குறைக்கக் குறைக்க ரிம் தரையை நெருங்கும். டயர் மடிந்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். ரிம்முக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு ரப்பர் உயரம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் காற்றை இறக்கலாம். டயர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த உயரத்தைத்தான். 44 அங்குல டயரை 16 அங்குல ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் 14 அங்குலம். 35 அங்குல டயரை 20 அங்குல ரிம்மில் மாட்டினால் ஏழரை அங்குலம்தான். அதே 35-ஐ 17 அங்குல ரிம்மில் மாட்டினால் 9 அங்குலம் கிடைக்கும். பளபளக்கும் பெரிய ரிம் ஷோரூமுக்கு அழகு. காட்டுக்கும் மணலுக்கும் அது எதிரி. பிரேக் காலிபர் இடிக்காத அளவில் எவ்வளவு சிறிய ரிம் பொருந்துமோ அதைப் போடுவதே புத்திசாலித்தனம்.

டயரின் பக்கவாட்டில் இரண்டு விதமாக அளவு எழுதியிருப்பார்கள். 35x12.50ஆர்17 என்றிருந்தால் உயரம் 35 அங்குலம், அகலம் பன்னிரண்டரை, ரிம் 17. 285/70 ஆர்17 என்றிருந்தால் அகலம் 285 மில்லிமீட்டர், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர். இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டினால் 831 மில்லிமீட்டர், ஏறக்குறைய 33 அங்குலம். கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாமல் நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

அகலமான டயரா, உயரமான டயரா என்ற கேள்வியில் என் ஓட்டு உயரத்துக்கு. காற்று குறையும்போது டயரின் பதிவு அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகமாக வளரும். டாங்கியின் சங்கிலிப் பட்டைபோல நீண்டு கிடக்கும் அந்தப் பதிவு தனக்கு முன்னால் உள்ள மணலை மிதித்து ஏறும். உயரம் இல்லாமல் அகலம் மட்டும் இருக்கிற டயர் மணலை முன்னால் குவித்துக்கொண்டே போய், தானே கட்டிய மேட்டில் நின்றுவிடும்.

அடுத்தது ப்ளை, அதாவது டயரின் உள்ளடுக்கு வலிமையைக் குறிக்கும் எண். ‘10 ப்ளை, கல்லு மாதிரி இருக்கும் சார்’ என்று விற்பார்கள். 10 ப்ளை எனப்படும் இ ரக டயர் 80 பி.எஸ்.ஐ. வரை காற்றேற்றி, கனரகப் பிக்கப்புகளில் பாரம் சுமப்பதற்காகச் செய்தது. இரண்டு டன் வண்டியில் மாட்டினால் காற்றை இறக்கினாலும் அது லேசில் மடியாது. 50 பி.எஸ்.ஐ. உச்சவரம்புள்ள சி ரகமே பெரும்பாலான வண்டிகளின் பாரத்துக்குப் போதும், மடியவும் செய்யும். கூர்மையான பாறைகளிலேயே அன்றாடம் ஓட்டுகிறவர் மட்டும் தடித்ததை வாங்கட்டும்.

காற்றைக் குறைப்பது ஐஸ்லாந்துக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னோல்ட், 1920-களின் இறுதியிலேயே ஃபோர்டு வண்டிகளில் காற்றைக் குறைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளைக் கடந்தார். அந்த அனுபவத்தை வைத்தே 1940-ல் பாலைவன ரோந்துப் படை ஒன்றை அமைத்தார். 1942-ல் அமெரிக்கா உருவாக்கிய டக் என்ற நீர்நில லாரியில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயரின் காற்றைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தது. கடலிலிருந்து மணலுக்கும், மணலிலிருந்து சாலைக்கும் ஏறுகிற வண்டிக்கு அது உயிர்நாடி.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதை அடிமட்டம்வரை கொண்டுபோனார்கள். தன்னார்வ மீட்புக் குழுக்கள் பனிப்புயலில் சிக்கியவர்களைத் தேடிப்போக வேண்டிய நாடு அது. தேவை அவர்களுக்கு ஆசானாக இருந்தது. காற்று 3-க்கு இறங்கினால் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். ஆகவே விளிம்பை ரிம்மோடு ஒட்டினார்கள், ரிம்மில் வரிவரியாகப் பள்ளமிட்டுப் பிடிப்பூட்டினார்கள், போல்ட் போட்டு இறுக்கும் வளையங்களையும் மாட்டினார்கள். டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர்ப் பட்டன்களில் கையாலேயே மெல்லிய கீறல்கள் போட்டு, வழுக்கும் பனியில் பிடிப்பை வரவழைத்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் சுழலும் இணைப்பு வைத்து, வெளியே குழாய் இழுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றை ஏற்றி இறக்குகிற வண்டிகளும் அங்கே உண்டு.

பனியில் நின்றுவிட்டால் ஆக்ஸிலேட்டரை அழுத்தக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். சுழலும் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். தான் வந்த தடத்திலேயே பின்னால் வந்து, இன்னும் ஒரு பி.எஸ்.ஐ. இறக்கி, சிறிய கியரில் ஊர்ந்து மறுபடி முயல்வார்கள். இவ்வளவு குறைந்த காற்றில் ஒரு பி.எஸ்.ஐ. என்பது பெரிய வித்தியாசம். அதனால் சாதாரண கேஜ் பயன்படாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டுகிற கேஜ் வேண்டும்.

மலை ஏறும்போது இன்னொரு சூட்சுமம். வாட்னயோகுல் பனியாற்றின் நடுவே, கிரிம்ஸ்ஃபியால் முகட்டில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் ஆய்வாளர்களின் குடில் ஒன்று இருக்கிறது. கடல்மட்டத்தில் 3 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு அங்கே ஏறினால், யாரும் காற்றடிக்காமலே கேஜ் கிட்டத்தட்ட 5 காட்டும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே இருப்பது கூடியதுபோலாகிறது. குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும், முழுவதையும் அல்ல. ஆகவே ஏறும் வழியில் அவ்வப்போது காற்றை விட வேண்டும். இறங்கும்போது கணக்கு தலைகீழ். மேலே 3 வைத்த டயர் கடல்மட்டத்துக்கு வரும்போது ஒன்றுக்கும் கீழே போய்விடும். கவனிக்காமல் கல்லில் ஏறினால் ரிம் நசுங்கும்.

டயர் பெரிதானால் அது மட்டும் மாறுவதில்லை. 30.5 அங்குலம் இருந்த இடத்தில் 38 வந்தால், சக்கரத்தின் ஒரு சுற்றில் வண்டி 25 சதவீதம் அதிகத் தூரம் போகும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 100. என்ஜின் திணறும், கிளட்ச் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடும். 3.9 ஆக இருந்த கிரௌன் பினியன் விகிதத்தை 4.88 ஆக்கினால்தான் பழைய இழுவை திரும்பும். இந்த மாற்றங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2016 டிசம்பரில், அண்டார்க்டிக் பயணி ஷாக்கில்டனின் கொள்ளுப்பேரன் பேட்ரிக் பெர்கல், ஹூண்டாய் சான்டா ஃபே காரில் அண்டார்க்டிகாவைக் கடந்தார். வண்டியைத் தயாரித்துக் கொடுத்தது ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம். 2.2 லிட்டர் டீசல் என்ஜினில் கை வைக்கவில்லை. முக்கியமாக 38 அங்குல டயரையும், அதைச் சுழற்றத் தேவையான பல்சக்கரங்களையும், சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். டயரில் இருந்தது சுமார் 2 பி.எஸ்.ஐ. காற்று. போகவரச் சுமார் 5,800 கிலோமீட்டர் ஓடியது அது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த பயணம் இதுதான். குதிரைத்திறனைக் கூட்டாமல், காற்றைச் சரியாக வைத்தே ஒரு குடும்பக் கார் தென்துருவம்வரை போயிருக்கிறது.

குறைந்த காற்று மெதுவான ஓட்டத்துக்கு மட்டும்தான். அதே காற்றோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிந்து சூடேறும். உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை பிரியும். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. டயர் பிரிந்து வண்டி உருண்டு 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. போதுமா என்று இரண்டு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. டயரின் குறை எவ்வளவு, காற்றின் குறை எவ்வளவு என்று வழக்காடினாலும், வெயிலும் வேகமும் பாரமும் சேரும்போது குறைந்த காற்று என்ன செய்யும் என்பதை அந்தச் சாவுகள் காட்டின. காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்கு அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் சாலையில் பெரிய டயருக்கு எவ்வளவு காற்று? பக்கச்சுவரில் பொறித்திருப்பது உச்சவரம்பு. அதை அப்படியே நிரப்பக் கூடாது. வண்டிக் கதவில் ஒட்டியிருப்பது பழைய டயருக்கானது. தயாரிப்பாளரின் பார அட்டவணையிலிருந்து தொடங்கி, சாக்பீஸால் பட்டன்மீது குறுக்கே கோடு போட்டு, சமதளத்தில் நேராகக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஆஸ்திரேலியக் காட்டுப் பாதைக்காரர்களிடம் வேறொரு வழி உண்டு. காலையில் குளிர்ந்த டயரில் அளந்து, ஒரு மணிநேரம் ஓட்டியபின் மறுபடி அளக்கிறார்கள். 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, காற்று போதவில்லை.

நம் நாட்டில் 38 அங்குலம் மாட்டிக்கொண்டு சாலைக்கு வர முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வடிவிலிருந்து வண்டியை மாற்றுவது கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்தில் மாற்றிய வண்டியைத் தனியாகப் பரிசோதித்துச் சான்று தருகிறார்கள். இங்கும் அப்படி ஒரு வழி திறந்தால் நல்லது. அதுவரை இருக்கிற டயரே போதும். மகிந்திரா தாரில் வருகிற 255/65 ஆர்18 டயரைக் கூட்டிப் பார்த்தால் 31 அங்குலம். தேரிக்காட்டுச் செம்மணலில் மாட்டிக்கொண்டால் அதில் 16 அல்லது 18 பி.எஸ்.ஐ. வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வண்டி தானாக எழுந்து வந்துவிடும். வளையம் போட்டு இறுக்காத சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போக வேண்டாம். திருப்பத்தில் டயர் கழன்றுகொள்ளும்.

இதற்கெல்லாம் முன்பாக வாங்க வேண்டியது கம்ப்ரஸர். 44 அங்குல டயருக்குள் 300 லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. 3-லிருந்து 25-க்கு ஏற்ற, நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் சிறிய மின்கருவி ஒரு டயருக்குக் கால் மணிநேரம் எடுக்கும். நான்குக்கும் ஒரு மணிநேரம், நடுவே சூடாகி நின்றால் இன்னும் கூடுதல். அதனால்தான் பெரிய டயர்க்காரர்கள் என்ஜினிலேயே கம்ப்ரஸரைப் பொருத்திக்கொள்கிறார்கள். நம் அளவு டயருக்கு அந்தச் சிறிய கருவியே போதும். மணலைவிட்டு வெளியே வந்ததும், தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன்பே நிறுத்தி, நான்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்றைப் பாருங்கள். இறக்கும்போது கழற்றிய வால்வு மூடிகளையும் மறக்காமல் மாட்டிவிடுங்கள். மணல் புகுந்த வால்வு கசியும்.