புகை எங்கே போய் இறங்கும்? கணனி போடும் கணக்கு

களவெட்டியில் பொலி தூற்றுகிறவர் முதலில் காற்றைப் பார்த்துத்தான் நிற்பார். நெல் காலடியில் விழும், பதர் தள்ளி விழும், தூசி இன்னும் அப்பால் போகும். கச்சான் வீசினால் ஒரு பக்கம், வாடை வீசினால் மறுபக்கம். ஆலைப் புகை எந்த ஊரில் போய் இறங்கும் என்று கணனி மூலம் முன்கூட்டியே கணிப்பதும் ஏறக்குறைய இதே விடயந்தான்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? மருதமுனையிலிருந்து கரையோரமாக வடக்கே, மட்டக்களப்பையும் கடந்து சென்றால் மூதூர்க் கிழக்கில் சம்பூர் இருக்கிறது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர்க் குடும்பங்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தன. அவர்கள் விட்டுவந்த பகுதியிலேயே இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. 2015 இல் வேறு காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கினர். திரும்பிப் போய் விதைத்தால் புகையும் சாம்பலும் வயலில் விழுமா, கடலில் விழுமா என்பது அவர்களுக்கு வெறும் விஞ்ஞானக் கேள்வியல்ல.

கணனிக்கு என்ன கொடுக்கிறார்கள்? புகைபோக்கியின் உயரம், புகையின் சூடு, ஒரு செக்கனில் எத்தனை கிராம் கழிவு வெளியேறுகிறது, காற்றின் திசை, வேகம். ஒரு வருடத்தில் 8,760 மணித்தியாலங்கள். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சுற்றுவட்டாரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் காற்றில் எவ்வளவு நஞ்சு என்று கணனி கணக்கிடும். பின்பு அதைச் சட்ட அளவோடு ஒப்பிடுவார்கள். இலங்கையில் 2008 இல் விதிக்கப்பட்ட அளவின்படி, சுவாசப்பையின் ஆழம்வரை போகும் நுண்தூசி 24 மணித்தியாலச் சராசரியில் ஒரு கனமீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது.

காற்றின் நிலையும் முக்கியம். வெயிலில் நிலம் சூடாகும்போது காற்று மேலுங்கீழும் புரண்டு புகையைக் கலக்கிவிடும். அமைதியான இரவில் அப்படிக் கலக்காது. அடுப்புப் புகை கூரைமட்டத்திலேயே படுத்துக்கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கரையோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பகலில் குளிர்ந்த கடற்காற்றோடு உயரத்தில் வரும் புகை, சூடான தரைக்கு மேலே வந்ததும் சட்டென்று கீழே இழுக்கப்படலாம். எளிய கணிப்பு முறைகள் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை.

கணனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கொடுத்ததற்குத்தான் அது விடை சொல்லும். புகைபோக்கியை மட்டும் கணக்கில் சேர்த்து, நிலக்கரிக் குவியலையும் சாம்பல் மேட்டையும் விட்டுவிட்டால், அவற்றிலிருந்து பறக்கும் தூசி வரைபடத்தில் வராது. 2011 இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை மின்நிலையத்தின் அயற்கிராமத்தவர்கள் பெரிதும் முறையிட்டது இந்தத் தூசியைப் பற்றியே.

சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் அரசு உயர்நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கவிழா நடந்தது.

வேறிடத்தில் வேறு ஆலை வரலாம். 1988 இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. கணக்கைப் புரிந்துகொள்ளாவிட்டாலும், கணனிக்குக் கொடுத்த காற்று எந்த நிலையத்தில், எந்த வருடம் அளந்தது என்று எழுத்தில் கேட்கலாம். வாடை மாதங்களும் கச்சான் மாதங்களும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா? சாம்பல் மேடு சேர்க்கப்பட்டதா? உங்கள் கிராமமும் வயற்கண்டமும் வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் வருகின்றன? இடம்பெயர்ந்தவர்கள் குடியில்லாத காலத்தில் வரையப்பட்ட படமென்றால், அந்தக் கட்டம் வெறுங்காடாகவே குறிக்கப்பட்டிருக்கக்கூடும்.