கழற்றி வைத்த நகல்

திருப்பூர்ப் பனியன் தூத்துக்குடி போய்க் கப்பலேறுகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களில் மெர்ஸ்க் என்ற பெயரை அடிக்கடி பார்க்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த அந்த நிறுவனத்தின் கணினிகள் 2017 ஜூன் 27 அன்று வரிசையாகச் செயலிழந்தன. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. நாட்பெட்யா என்ற நாசநிரலின் வேலை அது. உக்ரைனில் வரிக்கணக்குப் போடப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் உள்ளே வந்தது.

மெர்ஸ்க் பேக்கப் இல்லாத நிறுவனம் அல்ல. எந்தக் கணினிக்குள் யார் நுழையலாம் என்று முடிவு செய்யும் சர்வர்கள் மட்டும் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்றில் மாற்றினால் மற்றவையும் மாறிக்கொள்ளும். ஒன்று பழுதானாலும் மற்றவை இருக்கின்றனவே என்பது ஏற்பாடு. ஆனால் எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் எல்லாமே அழிந்தன. கானா நாட்டில் ஒன்று மட்டும் பிழைத்தது. அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் கட்! அதன் ஹார்ட் டிஸ்க்கை விமானத்தில் கையோடு லண்டனுக்குக் கொண்டுவந்துதான் மற்றவற்றை மீண்டும் கட்டினார்கள். சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

இதை நம் ஊர் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். கோவை கணபதியில் ஒரு பவுண்டரியோ அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியோ, டேலி டேட்டா இருக்கும் போல்டரை லேனில் ஷேர் செய்திருப்பார்கள். பில் போடுபவர், ஸ்டோர்காரர், அக்கவுன்டன்ட் மூவருக்கும் அதில் எழுத அனுமதி உண்டு. பையர் பெயரில் வந்த மெயிலில் உள்ள கோப்பை ஒருவர் திறக்கிறார். உள்ளே ரேன்சம்வேர் இருந்தால், அவர் கணினியால் எதையெல்லாம் எழுத முடியுமோ அதையெல்லாம் அது பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். டி டிரைவில் எடுத்த பேக்கப்பும், எப்போதும் செருகியே கிடக்கும் பென் டிரைவும் சேர்ந்தே போகும். தானாக சிங்க் ஆகும் கிளவுட் போல்டரிலும் பூட்டிய கோப்புதான் மேலேறும். பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி இருந்தால் மட்டுமே மீளலாம்.

தாக்கல் செய்த பில்களின் விவரம் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கும். சாயப்பட்டறைக்குப் போன துணி எத்தனை கிலோ, திரும்பியது எத்தனை என்ற அன்றாடக் கணக்கு முழுதாக அங்கே இருக்காது. ஜாப் வொர்க்கை நம்பி ஓடும் ஊரில் அந்தக் கணக்கு போனால், வருஷக்கணக்காகச் சேர்ந்து தொழில் செய்தவர்களுக்குள்ளேயே மனஸ்தாபம் வரும். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவாகி, கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. தாக்குதல் நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதே ஆண்டு ஏப்ரலில் போட்ட உத்தரவு.

இவற்றோடு இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளும் வேண்டும். இன்று ஒன்றில் நகலெடுத்து, கழற்றி, முதலாளி வீட்டு பீரோவுக்கு அனுப்புங்கள், நாளை மற்றொன்று. மாதம் ஒருமுறை, லேன் வயர் இல்லாத வேறொரு கணினியில் அந்த நகலை ரீஸ்டோர் செய்து, குளோசிங் ஸ்டாக் அலுவலகக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று அக்கவுன்டன்ட்டை உட்கார வைத்துப் பாருங்கள்.