நிதானம் கேட்கும் படைத்தொழில்

அமெரிக்கக் கடற்படை புதிதாகச் சேர வருவோருக்கு முன்வைக்கும் கடினமான பணிப்பிரிவுகள் ஐந்து. கடல், வான், நிலம் என மூவழியிலும் சென்று தாக்கும் பயிற்சி பெற்ற 'சீல்' என்னும் சிறப்புப் படையும், அப்படையினரை விரைவுப் படகுகளில் இலக்குக்குக் கொண்டுசேர்க்கும் படகுப் பிரிவும் சிறப்புப் போர்க் கட்டளையகத்தின் கீழ் இயங்குகின்றன. வெடிபொருள் செயலிழப்புப் பிரிவு, முக்குளிப்புப் பிரிவு, ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து உயிர்காக்கும் மீட்பு நீச்சல் பிரிவு ஆகிய மூன்றும் அதற்கு வெளியே நிற்கின்றன. திரைப்படங்களும் முன்னாள் வீரர்களின் தன்வரலாறுகளும் சீல் படைக்கு ஏற்றித் தந்துள்ள புகழ் பெரிது. அதன் காரணமாக ஏனையவை அனைத்தும், அப்படையில் இடம் கிடைக்காதவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் இடங்களாகவே பலருக்குத் தோன்றுகின்றன. வெடிபொருள் செயலிழப்புப் பிரிவின் தோற்றத்தையும் பயிற்சியையும் அறிந்தவர்கள் இந்த எண்ணத்தை ஏற்பதில்லை.

வெடிபொருள் செயலிழப்பு என்பது, வீசப்பட்டும் வெடிக்காமல் கிடக்கும் குண்டு, எறிகணை, ஏவுகணை, நீருக்கடியில் கப்பலுக்காகக் காத்திருக்கும் கடற்கண்ணி, ஆயுதக் குழுக்கள் கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு தாமே செய்து மறைத்துவைக்கும் குண்டு ஆகியவற்றைக் கண்டறிந்து, இன்ன வகையென்று இனம்பிரித்து, தீங்கற்றதாக்கி அப்புறப்படுத்தும் தொழிலாகும். வேதியியல், உயிரியல், அணு ஆயுதங்களும் இதன் எல்லைக்குள் அடங்கும். அமெரிக்காவின் தரைப்படை, வான்படை, மரீன் படை ஆகியவற்றுக்கும் இத்தகைய பிரிவுகள் உண்டெனினும், முக்குளிப்பும் வான்குடையில் குதித்தலும் வழக்கமான தகுதிகளாக வேண்டப்படுவது கடற்படைப் பிரிவில்தான்.

இப்பிரிவின் வரலாறு அமெரிக்காவில் தொடங்கவில்லை. 1940ஆம் ஆண்டு லண்டன் மீது பொழியப்பட்ட ஜெர்மானியக் குண்டுகளுள் கணிசமானவை விழுந்தவுடன் வெடிக்கவில்லை. அவற்றுள் பல பழுதானவை, சில வேண்டுமென்றே தாமதமாக வெடிக்குமாறு செய்யப்பட்டவை. குண்டிலுள்ள வெடிமருந்தைத் தக்க தருணத்தில் தூண்டிவிடும் உறுப்புக்கு ஃபியூஸ் என்று பெயர். ஜெர்மானியர் 17ஆம் எண் ஃபியூஸில் கடிகாரப் பொறியைப் பொருத்தி மூன்று நாள் வரை வெடிப்பைத் தள்ளிப்போட்டனர். 50ஆம் எண் ஃபியூஸை, குண்டைச் சற்றே அசைத்தாலும் வெடிக்குமாறு செய்தனர். பிரிட்டானியர் இவற்றைக் கழற்றக் கற்றுக்கொண்டதும், ஃபியூஸை வெளியே இழுத்தால் அதற்கடியிலிருந்து இயங்கும் இன்னொரு பொறியை ஜெர்மானியர் மறைத்துவைத்தனர். எதிரிலிருக்கும் இரும்புருளையைக் காட்டிலும், அதை வடிவமைத்தவன் அடுத்து என்ன நினைத்திருப்பான் என்பதே செயலிழக்கச் செய்பவரின் கவலையாயிற்று. இத்துறையில் துணிச்சலுக்குப் பெயர்பெற்ற சஃபோக் பிரபு, தாம் செய்யும் ஒவ்வொரு செயலையும் செயலாளர் பெரில் மார்டனிடம் சொல்லிக் குறிப்பெடுக்கச் செய்வது வழக்கம். தவறு நேர்ந்தாலும் எந்த அடியில் நேர்ந்தது என்பதை அடுத்தவர் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1941 மே 12 அன்று எரித் சதுப்பு நிலத்தில் குண்டு வெடித்தபோது இருவரும் மாண்டனர்.

இந்தச் சூழலில் தொழில் கற்றவர்களுள் ஒருவர் டிரேப்பர் காஃப்மன் என்னும் அமெரிக்கர். 1933இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் பட்டம் பெற்றும், கண்பார்வைக் குறைவால் அதிகாரிப் பதவி மறுக்கப்பட்ட அவர், 1940இல் பிரான்சில் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சென்று, ஜெர்மானியரிடம் பிடிபட்டு விடுதலையாகி, பின்னர் பிரிட்டானியக் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்து குண்டு செயலிழப்பில் ஈடுபட்டார். தாயகம் திரும்பிய அவரை அமெரிக்கக் கடற்படை இம்முறை சேர்த்துக்கொண்டது. 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் ஹவாயின் ஸ்கோஃபீல்ட் பாசறைப் பகுதியில் வெடிக்காமல் கிடந்த 500 பவுண்டு ஜப்பானியக் குண்டைச் செயலிழக்கச் செய்து, ஆய்வுக்கென முழுமையாக மீட்டதற்காக அவருக்கு நேவி கிராஸ் விருது வழங்கப்பட்டது. அடுத்த மாதமே வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் குண்டு செயலிழப்புப் பள்ளியை அவர் நிறுவினார்.

இதே காஃப்மன்தான் 1943இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் மற்றொரு பள்ளியையும் தொடங்கினார் என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு மிக இன்றியமையாத செய்தி. படைகள் கரையிறங்குவதற்கு முன் கடற்கரையில் எதிரி நட்டுவைத்த தடைகளை வெடிவைத்துத் தகர்க்கும் குழுக்களை உருவாக்குவது அதன் வேலை. முதல் தன்னார்வலர்களுள் ஒரு பகுதியினரை அவர் தம் குண்டு செயலிழப்புப் பள்ளியிலிருந்தே அழைத்துவந்தார். உடலை முறிக்கும் பயிற்சியை ஒரே வாரத்தில் அடைத்துத் தரும் 'நரக வாரம்' அங்கேதான் பிறந்தது. அக்குழுக்கள் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கியபோது 175 பேருள் 31 பேர் மாண்டனர், 60 பேர் காயமுற்றனர். அக்குழுக்களின் வழிவந்த நீரடித் தகர்ப்புக் குழுக்களிலிருந்தே 1962இல் சீல் படை உருவாக்கப்பட்டது. ஆகவே முதலிடம், இரண்டாமிடம் என்று இன்று வரிசைப்படுத்தப்படும் இரண்டு பணிகளுக்கும் ஆசிரியர் ஒருவரே; காலத்தால் மூத்தது, ஆறுதல் இடமாகக் கருதப்படும் செயலிழப்புத் தொழில்தான்.

இரு பள்ளிகளும் மாணவரிடம் தேடும் குணம் ஒன்றல்ல. கலிஃபோர்னியாவின் கொரனாடோவில் நடைபெறும் சீல் அடிப்படைப் பயிற்சியின் நரக வாரம் ஐந்தரை நாள் நீடிக்கிறது. அந்நாள்களில் கிடைக்கும் உறக்கம் மொத்தமாகவே நான்கு மணி நேரத்தை எட்டுவதில்லை. குளிர்ந்த பசிபிக் நீரும் மணலும் தலைமேல் படகுமாகக் கழியும் அவ்வாரத்தில் விலக விரும்புபவர் பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டுப் போகலாம். பெரும்பாலோர் போகிறார்கள். களைப்பும் குளிரும் அறிவை மங்கச்செய்த பின்னும் ஒருவர் நகர்ந்துகொண்டே இருப்பாரா என்பதை இச்சோதனை அளக்கிறது. செயலிழப்புத் தொழிலுக்கோ, நகர்ந்துகொண்டே இருப்பவர் ஆபத்தானவர். அங்கே முதல் முடிவு அருகில் போகலாமா வேண்டாமா என்பது. இரண்டாவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. மனிதக் கை வைப்பது, எந்திரமோ தொலைவிலிருந்து இயக்கும் கருவியோ பயன்படாதபோது மிஞ்சும் கடைசி வழி. வேகத்தையும் விடாப்பிடியையும் தம் பெரும் பலமாகக் கருதும் இளைஞர்களுக்கு இது எளிதில் விளங்காத வேறுபாடு.

இதனைக் கொண்டு செயலிழப்புப் பயிற்சி உடலளவில் இலகுவானது என்று கொள்ளலாகாது. 500 கெஜ தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் நீந்திக் காட்டும் தகுதிச் சோதனை இங்கும் உண்டு. ஓட்டத்தின் காலவரம்பில் சற்றுத் தளர்வு உண்டு. ஆயத்தப் பயிற்சிக்குப் பின் மாணவர்கள் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியிலுள்ள முக்குளிப்புப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே நீருக்கடியில் இருக்கும் மாணவரின் காற்றுக் குழாயைப் பயிற்றுநர் முடிச்சிடுவார், முகக்கவசத்தைப் பறிப்பார்; மாணவர் மேலே எழும்பாமல், பதறாமல், கற்றுத்தந்த வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனையில் வெல்ல நல்ல நுரையீரல் மட்டும் போதாது. மூச்சு முட்டும் வேளையிலும் 'முதலில் எது, அடுத்து எது' என்று நினைக்கத் தெரிய வேண்டும்.

அதன்பின் வருவது ஃபுளோரிடாவிலேயே எக்லின் வான்படைத் தளத்திலுள்ள செயலிழப்புப் பள்ளி. நான்கு படைகளுக்கும் பொதுவான இப்பள்ளியைக் கடற்படை நடத்துகிறது. பல மாதங்கள் நீளும் இப்படிப்பில் தரைப்படை வெடிபொருள்கள், வானிலிருந்து வீசப்படுபவை, கைத்தயாரிப்புக் குண்டுகள், அணு மற்றும் வேதிப்பொருள்கள் எனப் பிரிவுக்குப் பிரிவு தேர்வு நடக்கிறது. கடற்படையினர் நீரடி வெடிபொருள்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 100க்கு 85. செய்முறையில் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய பிழை ஒன்றைச் செய்தால், ஏனைய படிகள் அனைத்தும் சரியாயிருப்பினும் அத்தேர்வில் தோல்விதான். ஆக, கொரனாடோவில் மணி அடித்து விலகுவோர் மிகுதி. எக்லினில் படிப்பில் தவறி வெளியேற்றப்படுவோர் மிகுதி. இரண்டாம் வகை வெளியேற்றத்துக்குக் கைதட்டலும் இல்லை, அதைப் பற்றிப் படம் எடுப்பாரும் இல்லை.

படிப்பு முடிந்து வான்குடைப் பயிற்சியும் போர்த்தந்திரப் பயிற்சியும் பெற்றபின் அமையும் பணி ஒரே தன்மையதன்று. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோரக் குண்டுகளே எதிரியின் முதன்மை ஆயுதமானபோது, சீல் படையும் தரைப்படைச் சிறப்புப் படையும் செயலிழப்பு வீரர் இன்றிப் புறப்படுவது அரிதாயிற்று. அவர் அவர்களுடனேயே குதித்தார், நடந்தார், பல வேளைகளில் வழியைச் சோதித்தபடி அனைவருக்கும் முன்னால் நடந்தார். குண்டின் அருகே போக நேர்ந்தால் அணியும் காப்புடையின் எடை 35 கிலோவை ஒட்டியது. உடலைத் தலை முதல் கால் வரை மூடும் அவ்வுடை கைகளை மட்டும் மூடுவதில்லை. விரல்களுக்கு உணர்வு வேண்டும். முதல் முயற்சியில் வெற்றி, இல்லையேல் முழுத் தோல்வி என்பது அவர்களிடையே வழங்கும் வாசகம். எனினும், பெரும்பாலான நாள்கள் இப்படிக் கழிவதில்லை. பயிற்சித் திடல்களில் பழைய எறிகணைகளைத் தேடி அழிப்பதும், தலைவர்கள் வரும் இடங்களை முன்கூட்டிச் சோதிப்பதும், அறிக்கை எழுதுவதும் இத்தொழிலின் பெரும்பகுதி. அத்துடன், சிறப்புப் படையுடன் செல்லும்போது செயலிழப்பு வீரர் அக்குழுவுக்கு இணைக்கப்பட்டவரே தவிர அதன் உறுப்பினர் அல்லர். எங்கே, எப்போது, யாரைத் தாக்குவது என்பதை அவர் முடிவுசெய்வதில்லை. தாக்குதலையே விரும்பிப் படையில் சேருபவருக்கு இது நாளடைவில் கசக்கும்.

கடலடியில்தான் இப்பிரிவுக்கு மாற்றே இல்லை. 1991 பிப்ரவரி 18 அன்று பாரசீக வளைகுடாவில் டிரிப்போலி, பிரின்ஸ்டன் என்னும் இரு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒரே நாளில் ஈராக்கியக் கடற்கண்ணிகளில் சிக்கின. விலை மலிந்த ஒரு கண்ணி பல கோடி டாலர் பெறுமானமுள்ள கப்பலை முடக்கிவிடும் என்பதால், அதைத் தேடிப்போகும் முக்குளிப்பாளரின் மதிப்பு எந்தப் போரிலும் குறைவதில்லை. 2003இல் உம் கஸர் துறைமுகத்தைத் திறக்க, கண்ணிகளைக் கண்டறியும் பயிற்சி பெற்ற டால்ஃபின்களும் இவர்களுடன் பணியாற்றின.

இத்தொழில் கேட்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். மீண்டும் மீண்டும் வெடிப்பதிர்வுக்கு உள்ளாவதால் மூளையில் ஏற்படும் பாதிப்பு, வெளிக்காயம் இல்லாமலே பலரின் நினைவையும் உறக்கத்தையும் குலைக்கிறது. செயலிழப்பு அதிகாரி பிராட் ஸ்னைடர் 2011 செப்டம்பர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் இரு கண்களையும் இழந்தார். சரியாக ஓராண்டு கழித்து லண்டன் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அவர் வெற்றியைக் கொண்டாடுவது முறையே. ஆனால் இழப்புக்கு ஈடாகப் பதக்கம் காத்திருக்கிறது என்று எந்த ஆள்சேர்ப்பு அலுவலரும் யாரையும் நம்பவைக்கக் கூடாது.

தமிழ் வாசகர்களுக்கு இத்தொழில் முற்றிலும் அயலானதன்று. காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படைப்பிரிவில் கண்ணிவெடி தேடும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே மிதிபட்ட கண்ணிவெடி மீது தாமே பாய்ந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் வேலை முடியாத படைத்தொழில் இது ஒன்றே எனலாம். இலங்கையின் வன்னியில் 2009க்குப் பின் நடந்துவரும் கண்ணிவெடி அகற்றலில், போரில் குடும்பத்தாரை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர் முழங்காலிட்டு மண்ணைக் கிளறிவருகின்றனர். அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் பொறுமையும் எக்லினில் கற்பிக்கப்படும் அதே ஒழுங்கும் பொறுமையும்தான். அமெரிக்க வீரருக்கும் ஓய்வுக்குப் பின் காவல்துறையின் குண்டு செயலிழப்புப் பிரிவுகளிலும், பழைய பயிற்சித் திடல்களைத் துப்புரவாக்கும் நிறுவனங்களிலும் வேலை உண்டு. சீல் வீரர் கற்ற திறனுக்கு ஊருக்குள் இவ்வளவு நேரடியான பயன் கிடையாது.

தேர்வு செய்பவர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. 2006ஆம் ஆண்டு வரை, கடற்படையில் வேறு தொழிலில் சேர்ந்து கப்பல் வாழ்க்கையில் பழகியவர்களே பின்னர் செயலிழப்புப் பிரிவுக்கு மாறினர். அவ்வாண்டில் அது தனித் தொழிற்பிரிவாக்கப்பட்ட பின், பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர் நேரடியாகவே அதற்கென ஒப்பந்தமிட்டுச் சேரலாம். ஒப்பந்தம் ஒரு பிரிவுக்கு மட்டுமே உரியது. சீல் பயிற்சியில் மணி அடித்து விலகியவரைக் கடற்படை தன் தேவைக்கேற்ப எங்கு வேண்டுமானாலும் அனுப்பும். செயலிழப்புப் பள்ளியில் அவருக்கென ஓரிடம் காத்திருப்பதில்லை. முதலில் சீல் படைக்கு முயல்வோம், முடியாவிட்டால் இதைப் பார்த்துக்கொள்வோம் என்று கணக்குப் போடுபவர், இரண்டுக்குமே விண்ணப்பிக்காதிருப்பது நல்லது.