பெருங்காயத்தில் ஒளிந்திருந்த கோதுமை

2011-ல் என் கணவருக்கு மாற்றலாகி டில்லி வந்தோம். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் குடியேறியதும், காலையில் தலியா, இரவில் சப்பாத்தி என்று ஊரோடு ஒத்துப்போகப் பழகினோம். ஒரு வருஷத்துக்குள் என் வயிறு தகராறு செய்ய ஆரம்பித்தது. உப்புசம், பேதி, சதா களைப்பு. 'டில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றார்கள். நானும் நம்பினேன். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு விழுங்கியும் ரத்தசோகை தீரவில்லை.

தெரிந்தவர் சொல்லி ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் போனேன். 'கிரஹணி' என்றார். முன் சாப்பிட்டது செரித்த பிறகே அடுத்த வேளை. எதுவும் சூடாக, அப்போதுதான் சமைத்ததாக இருக்க வேண்டும். வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், மீதி காலி. மதியம் வெண்ணெய் நீக்கிய மோரில் சுக்கும் சீரகமும். உண்மையைச் சொன்னால், உப்புசம் பாதி குறைந்தது. ஆனால் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று. பலத்துக்கென்று கோதுமைக் கஞ்சியும் குடித்துக்கொண்டிருந்தேன். சரக சம்ஹிதையே கோதுமையை உடலுக்கு உறுதி தருவது என்றுதான் சொல்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

2015-ல் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார். சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குடலின் உட்சுவரையே தாக்கிவிடுகிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய இடம் மழுங்கிப்போனால் மாத்திரை எப்படி வேலை செய்யும்? சிகிச்சை, ஆயுள் முழுக்க இவற்றை அறவே விலக்குவதுதான். கோதுமை அதிகம் உண்ணும் வட இந்தியாவில் இது அபூர்வமும் இல்லை. ஒன்று முக்கியம்: சந்தேகம் வந்த உடனே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

ரிப்போர்ட்டை வைத்தியரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "கோதுமையும் யவமும் வேண்டாம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

அரிசிச் சோற்றுக்குத் திரும்பினேன். அப்படியும் ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை சரியாகவில்லை. உணவு ஆலோசகர் சமையலறைச் சாமான் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெருங்காயத்தில் வந்து நின்றார். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்தது. தூளிலும் உண்டு, கட்டியிலும் உண்டு. தினமும் மோரில் ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன், மருந்தென்று! அடுத்தது சக்கி. முறுக்குக்கு அரிசி அரைத்து வாங்கிய மெஷினில் அன்றெல்லாம் ஓடுவது கோதுமை.

இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. பாக்கெட்டைப் படித்து வாங்குகிறேன். மாவு வீட்டு மிக்ஸியில். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாதென்பது விதி. பத்தே மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது.

நவராத்திரியில் மாடி வீட்டு பஞ்சாபி ஆண்ட்டி கோதுமை தொடமாட்டார். குட்டு மாவு, சிங்காடா மாவு, நம் குதிரைவாலியான சாமக் அரிசிதான். அந்த ஒன்பது நாளும் எனக்கும் ஒரு தட்டு பகோடா வரும். "புது எண்ணெயில்தான் பொரித்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்.