வித்தையும் பழக்கமும்: வாத்தியக் கடினம் பற்றிச் சில குறிப்புகள்

எந்த வாத்தியம் கற்பதற்கு மிகக் கடினம் என்ற கேள்வி வெகுளித்தனமாகத் தோன்றும். கேட்பவருக்கு வேண்டியது ஒரு பட்டியல். மேற்கில் பட்டியல் போடுகிறவர்கள் ஓபோ, பிரெஞ்சு ஹார்ன், வயலின் என்று தொடங்குவார்கள். நம்மவர்கள் வீணை, நாகசுரம், மிருதங்கம் என்பார்கள். எதை முதலில் வைப்பது என்பதில் சண்டை வரும். எவையெல்லாம் பட்டியலுக்குள் வரவே இல்லை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. என் அக்கறை இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

பீளமேட்டில் கேள்வி தலைகீழாகத்தான் வரும். அவிநாசி சாலையை ஒட்டிய தெருக்களில் மாடிக்கு மாடி கீபோர்டு வகுப்பு. இசை பற்றி ஏதோ எழுதுகிறவன் என்று தெரிந்துகொண்டு, பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, எதுங்க பையனுக்குச் சீக்கிரமா வரும்?" நியாயமான கேள்வி. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தொடக்க நிலை போக 8 கிரேடுகள். அங்கே கடினம் என்பது படிக்கட்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டணமும் ஒரு காகிதமும் வைக்கப்பட்டிருக்கிறது. கீபோர்டில் கட்டையை அழுத்தினால் முதல் ஸ்வரம் சுத்தமாக வந்துவிடும். கஷ்டமெல்லாம் பின்னால், பத்து விரலும் பத்து வேலை பார்க்க வேண்டி வரும்போது.

நாகசுரத்தில் அந்த முதல் ஸ்வரமே வராது. சீவாளியை உதட்டில் வைத்து ஊதுகிறவனுக்கு மாதக்கணக்கில் காற்றுத்தான் வரும், இல்லாவிட்டால் பிளிறல். ஓபோவும் இதன் உறவுக்காரன்தான்: இரட்டை நாக்கு, கீழே போகப்போக விரியும் குழல். ஆனால் ஓபோவுக்கு உலோகச் சாவிகள் உண்டு. அரை ஸ்வரத்துக்கு ஒரு சாவியை அழுத்தினால் போதும். நாகசுரத்தில் சாவி கிடையாது. ஏழு விரல் துளைகள்தான். மிச்ச ஸ்வரங்களையும் கமகங்களையும் துளையைப் பாதி மூடியும், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் அழுத்தத்தை மாற்றியும் பிடித்தாக வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) குட்டையான திமிரியை விட்டு நீண்ட பாரி நாயனத்துக்கு வந்தபோது இது எளிதாகிவிடவில்லை. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, மூச்சும் கூடுதலாகத் தேவைப்பட்டது. அவருக்கு அதைக் கடைந்து கொடுத்த ஆசாரி ரங்கநாதன் இருந்த நரசிங்கம்பேட்டையின் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே வாத்தியத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் நான் நாகசுரத்தையே சொல்வேன். ஒலியை எழுப்புவது, ஸ்வரத்தைக் கண்டுபிடிப்பது, நின்றும் நடந்தும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிப்பது என்று பல கஷ்டங்கள் ஒரே உடம்பில் வந்து சேர்கிற இடம் அது.

ஆனால் நாயனக்காரருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றிருப்பார். அவர் கையில் ஒத்து. பார்வைக்கு நாகசுரம் மாதிரியே இருக்கும், விரல் துளைகள் இருக்காது. அடியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதில் வருவது ஒரே ஸ்வரம். அந்த ஒரு ஸ்வரம் அறுபடக் கூடாது என்பதுதான் விஷயம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வாயால் வெளியே தள்ளிக்கொண்டே அதே கணத்தில் மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். நம்பாதவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பார்க்கலாம். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒத்துக்காரர் இதை ஊர்வலம் முடியும்வரை செய்வார். ராக ஞானம் என்கிற அளவில் இது நாயனத்துக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடம்பின் கடினம் என்கிற அளவில் ஒரு பிடி கூடக் குறைவில்லை.

இந்த வேலைக்குத் தமிழ் கொடுத்த மரியாதை என்ன? 'ஒத்து ஊதறான்' என்பது. சொந்தப் புத்தியில்லாமல் அடுத்தவன் சொல்வதற்கு ஆமாம் போடுகிறவன் என்று பொருள். தாளத்தைத் தாங்கிப் பிடிப்பவனுக்கு 'ஜால்ரா'. தன் பெருமை பேசுகிறவனுக்குத் 'தம்பட்டம்'. பக்கவாத்தியமும் தோல்வாத்தியமும் இப்படி வசையாகிப் போன மொழியில் வீணைக்கு மட்டும் ஒரு தெய்வமே இருக்கிறது. (பிடிலுக்கும் ஒரு வசை உண்டுதான். அது ரோமாபுரியிலிருந்து இறக்குமதியானது.) மரபுத்தொடர் என்பது ஒரு சமூகம் தன் உழைப்பாளிகளைப் பற்றி யோசிக்காமல் வெளியிடும் வாக்குமூலம் என்றே எனக்குப் படுகிறது. இப்போது பெரும்பாலான கல்யாண மண்டபங்களில் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்து ஒத்துக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கொங்குப் பகுதிக்கு வந்தால் உறுமி. உடுமலைப் பக்கம் ராஜகம்பளத்தாரின் சலங்கெருது ஆட்டத்திலும் தேவராட்டத்திலும் இதைக் கேட்கலாம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த கோலால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது கோல் தோலைப் பற்றுகிறது, வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. நொடிக்குப் பல தடவை நடக்கும் இந்தப் பற்றலும் வழுக்கலும்தான் உறுமல். வயலினில் குங்கிலியம் தடவிய வில் நரம்பின்மேல் செய்வதும் இதே காரியம். இயற்பியலில் இரண்டும் ஒன்று. அழுத்தம் கொஞ்சம் கூடினால் கீச்சிடும், குறைந்தால் ஒலியே எழாது. பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து வந்த வயலின் சீக்கிரமே கச்சேரி மேடையின் மையத்தில் உட்கார்ந்துவிட்டது. வில் பிடிக்கும் கையை 'வித்தை' என்கிறோம். உறுமிக்கோல் பிடிக்கும் கையை?

அதற்கும் ஒரு சொல் இருக்கிறது: 'பழக்கம்'. உறுமி அடிக்கும் ஒரு பெரியவரிடம், கோல் கைக்கு வசப்பட எத்தனை வருசமாச்சு என்று கேட்டேன். "அதென்னங்க வித்தை, பொறந்ததுல இருந்து கேட்டுட்டு இருக்கறது, பழக்கந்தானுங்க" என்று சொல்லிப்போட்டார். பீளமேட்டு பவுண்டரிகளிலும் இதே சொல்தான். டர்னர் கடைந்ததற்கு மைக்ரோமீட்டர் சாட்சி சொல்லும். மோல்டர் மண்ணை உள்ளங்கையில் அமுக்கி ஈரப்பதம் பார்ப்பதற்கு அவர் கை மட்டுமே சாட்சி. அவரும் பழக்கம் என்றுதான் சொல்வார்.

வித்தை, பழக்கம் என்ற இந்த எதிர்நிலை கற்கும் முறையிலிருந்து பிறக்கிறது. வெளியிலிருந்து வந்து, குருவுக்குக் காணிக்கை வைத்து, இத்தனை வருடம் என்று எண்ணிக் கற்பவனின் கடினம் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குள், பால்குடி மறக்கும் முன்பே காதுவழி கற்பவனின் கடினத்தை எண்ண ஆளில்லை. அது 'பிறப்பிலேயே வந்தது' ஆகிவிடுகிறது. இங்கேதான் சாதி நுழைகிறது. சபா மேடைக் குடும்பத்தில் பிறந்தவரைப் பற்றி 'ரத்தத்திலேயே சங்கீதம்' என்று சொன்னால் அது பாராட்டு. பறை அடிப்பவரிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது இடத்தைச் சுட்டிக்காட்டுவது. அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் வெவ்வேறு கணக்கில் ஓட்டி, கால் ஆட்டத்தையும் விடாமல், நெருப்பில் காய்ச்சிய தோலின் விறைப்பு தளரும் முன் அடவை முடிக்க வேண்டிய கலை அது. ஆனால் அதைக் கடினம் என்று ஒப்புக்கொண்டால் கூலியையும் இடத்தையும் மறுபடி பேச வேண்டிவரும்.

பாடத்திட்டங்கள் இந்தப் பிரிவினையை ஆவணமாக்குகின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுப் பாடங்கள் 7: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். பறை அண்மையில்தான் பகுதிநேர வகுப்பாக எட்டிப் பார்க்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் பாடமாக்கிக் கிரேடு கொடுத்துவிட்டால் ஆயிற்றா? உடுக்கையை எடுத்துக்கொள்வோம். கொங்கின் அண்ணன்மார் கதையை இதை அடித்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். இடது கை நடுவிலுள்ள கயிற்றை அழுத்தி அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும், வலது கை விரல்கள் அடிக்கும், வாய் பாடும், வசனம் பேசும், அழும். 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையைப் பதிவு செய்தபோது அது 18 இரவுகள் நீண்டது. உடுக்கையை மட்டும் பிரித்தெடுத்து அரைமணி நேரத் தேர்வு வைக்கலாம். அந்தத் தேர்வில் கீபோர்டு படித்த பக்கத்து வீட்டுப் பையன் ஆறு மாதத்தில் தேறிவிடவும் கூடும். நள்ளிரவு தாண்டிய பின்னும் கூட்டத்தை உட்கார வைத்து, விட்ட வரியைக் கை நிற்காமல் தேடிப் பிடிக்கிறவரை எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண்ணுக்கு எழுதுவது என்பதைத்தான் பாடத்திட்டக் குழுக்கள் முதலில் பேசவேண்டும்.