95,000 பவுண்டும் 2.3 சதவீதமும்

பிரிட்டனில் அரசு ஊழியரோ உள்ளாட்சி ஊழியரோ ஆட்குறைப்பில் வேலையை இழந்தால், போகும்போது ஒரு தொகை வாங்கிக்கொண்டுதான் போவார். அதைப் பொதுவாக விலகல் தொகை என்று சொல்லலாம். இரண்டு ஆண்டு பணியாற்றிய எந்தத் தொழிலாளிக்கும் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச இழப்பீடு உண்டு. 22 வயதுக்கு முந்தைய பணியாண்டு ஒவ்வொன்றுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41 முதல் ஒன்றரை வாரம் என்று கணக்கு. 20 ஆண்டுக்கு மேல் எண்ண மாட்டார்கள். வாரச் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு; 2025 ஏப்ரல் கணக்குப்படி அது 719 பவுண்டு. ஆக, எவ்வளவு நீண்ட காலம் உழைத்தவரானாலும் அந்தக் கணக்கில் சட்டப்படி கிடைப்பது 21,570 பவுண்டைத் தாண்டாது. அரசுத் துறைகள் பெரும்பாலும் இதைவிடத் தாராளமாகவே கொடுத்துவந்தன. மத்திய அரசுப் பணியில் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கு நடைமுறையில் இருந்தது.

இந்தத் தாராளம் அரசியல் பிரச்சினையானது மேல்தட்டு அதிகாரிகளால்தான். 2012-இல் பிபிசியின் தலைமை இயக்குநராக இருந்த ஜார்ஜ் என்ட்விசில், 54 நாள் மட்டுமே அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டு விலகினார். அவருக்குக் கிடைத்தது 4,50,000 பவுண்டு, அதாவது ஒரு முழு ஆண்டுச் சம்பளம். மறு ஆண்டு தேசியத் தணிக்கை அலுவலகம் பிபிசியின் கணக்கைப் புரட்டியபோது, மூன்று ஆண்டில் 150 மூத்த மேலாளர்களுக்கு 2.5 கோடி பவுண்டு விலகல் தொகையாகப் போயிருந்தது தெரிந்தது. தேசிய மருத்துவச் சேவையில் வேறு விதமான கூத்து. 2010-க்குப் பிறகு நடந்த நிர்வாக மாற்றத்தில் ஆட்குறைப்புப் பணம் வாங்கிக்கொண்டு போனவர்களில் ஆயிரக்கணக்கானோர், சிறிது காலத்தில் அதே சேவையின் வேறொரு கிளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். முன்வாசலில் வழியனுப்பி, பக்கவாசலில் வரவேற்ற கதை அது.

2015 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி, வரிப்பணத்திலிருந்து ஆறு இலக்கத் தொகை கொடுப்பதற்கு முடிவு கட்டுவதாக அறிவித்தது. 2016 மே 4 அன்று அரச ஒப்புதல் பெற்ற எண்டர்பிரைஸ் சட்டத்தில் அந்த வாக்குறுதி இடம்பெற்றது. பொதுத்துறை ஊழியர் ஒருவரின் விலகல் தொகை 95,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது சட்டம். அது பல சரக்குச் சட்டம். சிறு வணிகர் ஆணையர், காப்பீட்டுப் பணம் தாமதமானால் இழப்பீடு என்பவையும் அதில் இருந்தன. வேலை பழக வருபவர்களைப் பற்றிய பிரிவுகளும் இருந்தன, அவை பிறகு.

95,000 என்பது படிக்க எளிய எண். சிக்கல், அதற்குள் எதையெதைச் சேர்த்தார்கள் என்பதில் இருந்தது. இங்கிலாந்தின் உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு விதி உண்டு. 55 வயதைக் கடந்த உறுப்பினர் ஆட்குறைப்பில் வேலையை இழந்தால், அவருக்கு ஓய்வூதியம் உடனே, வெட்டு ஏதுமின்றித் தொடங்க வேண்டும். வழக்கமாக 66, 67 வயதில் தொடங்கவேண்டியது பத்தாண்டு முன்பே தொடங்குவதால் ஓய்வூதிய நிதியத்துக்குக் குழி விழும். அந்தக் குழியை மூட உள்ளாட்சி மன்றம் நிதியத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். இந்தப் பணம் ஊழியர் கைக்கு வருவதே இல்லை. அவருடைய வங்கிக் கணக்கிலும் தெரியாது. ஆனால் 95,000 கணக்கில் அதுவும் சேர்க்கப்பட்டது.

விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். நகராட்சி நூலகத்தில் 30 ஆண்டு வேலை செய்த ஒரு பெண்மணி, வயது 57, நடுத்தரச் சம்பளம். கிளை நூலகம் மூடப்படுகிறது. ஆட்குறைப்பு இழப்பீடு 30,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியத்தை முன்கூட்டித் தொடங்க நிதியத்துக்குக் கட்டவேண்டியது 80,000. மொத்தம் 1,10,000. அவர் கையில் வாங்குவது 30,000 மட்டும்தான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அவர் ஆறு இலக்கத் தொகை வாங்கிய 'பெரும்புள்ளி'. ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்டு சம்பளம் வாங்கும் மேலதிகாரி, சேர்ந்து சில ஆண்டே ஆகியிருந்தால், வரம்புக்கு உள்ளேயே நின்றுகொண்டு வெளியேறலாம். 27,000 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குவோருக்கு விலக்கு என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. அந்த விலக்கு கடைசியில் சட்டத்தில் ஏறவில்லை. விலைவாசிக்கு ஏற்ப 95,000 உயரும் ஏற்பாடும் இல்லை.

சட்டம் நிறைவேறியும் விதிகள் வர நாலரை ஆண்டு ஆனது. 2020 நவம்பர் 4 அன்று உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. வந்த அன்றே ஒரு முடிச்சு விழுந்தது. உச்சவரம்பு விதி நிதியமைச்சகத்துடையது. ஓய்வூதிய விதி உள்ளாட்சித் துறையுடையது. பின்னதைத் திருத்தாமலேயே முன்னதை அமல்படுத்திவிட்டார்கள். ஓய்வூதியத்தை முழுதாகக் கொடு என்றது ஒரு விதி. அதற்கான பணத்தைக் கட்டாதே என்றது மற்றொன்று. எதை மீறினாலும் சட்டமீறல் என்ற நிலையில் மன்ற அதிகாரிகள் வழக்கறிஞர்களைத் தேடி ஓடினார்கள். யூனிசன், ஜிஎம்பி, யுனைட் போன்ற தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் போயின. வழக்கு முழு விசாரணைக்கு வரும் முன்பே, 2021 பிப்ரவரி 12 அன்று, எதிர்பாராத விளைவுகள் ஏற்பட்டிருக்கலாம் என்று கூறி நிதியமைச்சகம் உச்சவரம்பை நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் விதிகளே ரத்தாயின. ஐந்தாண்டு விவாதித்த கொள்கை உயிரோடு இருந்தது 100 நாள். அந்த 100 நாளில் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மீதியைக் கொடுத்துவிடும்படி நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. விளைவுகள் எதிர்பாராதவை என்ற சமாதானம் அவ்வளவாக எடுபடவில்லை. இப்படித்தான் ஆகும் என்று சங்கங்கள் 2015 முதலே சொல்லிக்கொண்டிருந்தன.

இப்போது இருப்பது ஓர் எண்ணல்ல, அனுமதிக் கட்டுப்பாடு. சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் மேலாகத் தரப்படும் சிறப்பு விலகல் தொகைகளுக்குத்தான் அது பொருந்தும். உள்ளாட்சிகளுக்கான 2022 மே மாத வழிகாட்டுதலின்படி, அத்தகைய தொகை ஒரு லட்சம் பவுண்டோ அதற்கு மேலோ ஆனால் முழு மன்றமும் வாக்களிக்க வேண்டும். 20,000-க்கு மேல், ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் தலைமை அதிகாரி தானே கையெழுத்திட்டு ஒப்புதல் தர வேண்டும். மன்றத் தலைவரும் உடன்பட வேண்டும். நூலகரின் ஓய்வூதியத்தைத் தொடாமல், மேலிடத்துப் பேரங்களை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வழி இது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

அதே 2016 சட்டத்தின் இன்னொரு பகுதி வேலை பழகுவோரைப் பற்றியது. நம்மூரில் ரயில்வேயிலும் ஆலைகளிலும் அப்ரண்டிஸ் என்று சொல்லப்படும் தொழிற்பழகுநர் முறை இங்கிலாந்தில் மிகப் பழையது. 1563-இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் ஒரு தொழிலைச் செய்ய ஏழாண்டு பழக வேண்டும் என்று விதித்தது. அந்தக் கட்டாயம் 1814 வரை இருந்தது. 2015-இல் ஆட்சிக்கு வந்த அரசு, 2020-க்குள் 30 லட்சம் பேர் பழகுநர் பயிற்சியில் சேர வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்தப் பெயரைக் கண்டபடி யாரும் பயன்படுத்தாதபடி சட்டம் பாதுகாப்பு தந்தது. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இங்கிலாந்துப் பொதுத்துறை அமைப்புகள், ஆண்டுதோறும் தம் ஊழியர் எண்ணிக்கையில் சராசரி 2.3 சதவீதம் பேரைப் புதிதாகப் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்றும் ஆனது. 2017 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை என்று வைத்த கெடு பிறகு ஓராண்டு நீட்டப்பட்டது.

பணத்துக்கு வழி, 2017 ஏப்ரலில் வந்த பயிற்சி வரி. எந்த முதலாளியும் தன் மொத்தச் சம்பளச் செலவில் 0.5 சதவீதம் கட்ட வேண்டும். 15,000 பவுண்டு தள்ளுபடி. கணக்குப் போட்டால், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே வரி விழும். முதலாளிகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அவர்கள். கட்டிய பணம் இணையக் கணக்கொன்றில் வரவு வைக்கப்படும். இங்கிலாந்தில் 24 மாதத்துக்குள் பயிற்சிக்குச் செலவிடாவிட்டால் அது காலாவதியாகும் என்று விதி இருந்தது. மருத்துவமனைகளும் நகராட்சிகளும் இந்த வரியைக் கட்டின.

இலக்கை எட்ட முடியாமல் பொதுத்துறை திணறியதற்குக் காரணங்கள் தெளிவானவை. வரிப்பணத்தைப் பயிற்சிக் கட்டணத்துக்குத்தான் செலவிடலாம். பழகுநரின் சம்பளத்துக்கோ, அவர் வகுப்புக்குப் போகும் நேரத்தில் அவருடைய வேலையைச் செய்பவரின் சம்பளத்துக்கோ தொட முடியாது. செவிலியர் பட்டப் பயிற்சியில் கல்வி நேரம் மிக அதிகம் என்பதால் மருத்துவமனைக்கு இந்தச் செலவே பெருஞ்சுமை. நகராட்சிகளுக்கு வேறு வருத்தம். 2.3 சதவீதம் தலைக்கணக்கில் பார்க்கப்பட்டது. வாரத்தில் சில மணி நேரம் பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவரும் ஒரு முழுத் தலை. ஒரு பக்கம் ஆட்குறைப்பு, மறுபக்கம் புதியவர்களை எடு என்ற உத்தரவு. இலக்கைத் தவறவிட்டால் தண்டனை இல்லை. அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், ஆண்டறிக்கை தர வேண்டும் என்பதே கடமை. பயிற்சி தருவதையே வழக்கமாகக் கொண்ட ராணுவம் எளிதாகத் தாண்டியது. பொதுத்துறை மொத்தத்தில் 2.3 வரவில்லை.

நாடு முழுவதிலும் 30 லட்சம் வரவில்லை. இங்கிலாந்தில் 2015-16 கல்வியாண்டில் 5,09,400 பேர் பயிற்சி தொடங்கியிருந்தார்கள். வரி வந்தபின் 2017-18-இல் அது 3,75,800 ஆகச் சரிந்தது. 2023-24-இல் 3,39,600. குறைந்தபட்சம் 12 மாதம், வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கல்வி என்ற கண்டிப்பால் பெயரளவுப் பயிற்சிகள் ஒழிந்தன என்பது உண்மை. அதனால் எண்ணிக்கை குறைந்ததைக் குறையாகச் சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 24 மாதத்தில் காலாவதியாகும் பணத்தை வீணாக்க எந்த நிறுவனமும் விரும்பவில்லை. பள்ளி முடித்த பையனை எடுத்துப் பழக்குவதைவிட, ஏற்கெனவே சம்பளம் வாங்கும் மேலாளரை முதுநிலைப் படிப்பில் சேர்ப்பது சுலபம். அவரும் கணக்கில் பழகுநர்தான், பொதுத்துறையில் 2.3-க்கும் அவர் ஒரு எண். 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட புதியவர்கள் 1,31,000-லிருந்து 80,000-க்கும் கீழே இறங்கினார்கள்.

2025-இல் அரசு இதைத் திருத்தத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து குறைந்தபட்சக் காலம் எட்டு மாதமானது. இளையோருக்கென அடிப்படைப் பயிற்சிகள் வந்தன. 2026 ஜனவரி முதல், முதுநிலைப் பட்டத்துக்கு இணையான ஏழாம் நிலைப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோரில், ஒருசில விலக்குகள் தவிர, 21 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் இந்த வரிப்பணம் கிடையாது.